2 என்ற இலக்கத்தை ஏன் ஒருவரும் சொல்லித் தரவில்லை?

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி எங்கட ஆக்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அநுரவின் திசைகாட்டிச் சின்ன அலை எப்படி எழும்பியது, அப்போதைய ஜனாதிபதி ரணில் ஏன் கவிழ்ந்தார், தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னம் வென்றதா தோற்றதா என்று ஆளுக்கொரு கணக்கு. யாருமே பெரிதாகக் கதைக்காத ஒன்று உண்டு. அன்று நடந்த இரண்டாவது எண்ணிக்கை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்து வாசியுங்கள்.

1982இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனவோடு தொடங்கிய ஜனாதிபதித் தேர்தல்களில் இது ஒன்பதாவது. முன்னைய எட்டும் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்துவிட்டன, யாராவது ஒருவர் பாதியைத் தாண்டிவிடுவார். இந்த முறை அப்படி நடக்கவில்லை. அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 வாக்குகள், 42.31 சதவீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035, அதாவது 32.76 சதவீதம். இரண்டு பேரும் பாதியைத் தொடவில்லை. ஊரடங்குக்குள் விடிய விடியத் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்த எங்களுக்கு அடுத்த நாள் தேர்தல் ஆணைக்குழு சொன்னது: விருப்பு வாக்குகள், அதாவது சீட்டில் 2, 3 என்று போட்டவை, எண்ணப்படும். இலங்கை வரலாற்றில் முதல் தடவை.

அன்று பின்னேரம் இறுதி முடிவு வந்தது. அநுர 5,740,179. சஜித் 4,530,902. வென்றவர் ஆரென்று தெரிந்ததும் சனம் தொலைக்காட்சியை நிப்பாட்டிவிட்டது. அந்த இரண்டு எண்களையும் முதல் எண்ணிக்கையோடு வைத்துக் கழித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

கழித்துப் பாருங்கள். இரண்டாவது எண்ணிக்கையில் அநுரவுக்குக் கூடியது 105,264. சஜித்துக்குக் கூடியது 167,867. இரண்டும் சேர்ந்து 273,131. இந்த வாக்குகள் எங்கிருந்து வந்திருக்க வேண்டும்? ரணிலுக்கும் நாமலுக்கும் அரியநேத்திரனுக்கும் மற்ற எல்லாருக்கும் விழுந்த சீட்டுகளிலிருந்து. செல்லுபடியான 13,319,616 வாக்குகளில் முதல் இரண்டு பேருக்கும் போனதை எடுத்துவிட்டால் மிச்சம் 3,321,666. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுச் சீட்டுத்தான் இறுதி இருவரில் ஒருவரைத் தேடிப் போனது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் அப்படியே நின்றுவிட்டன.

பாதிக்கு மேற்பட்டோரின் விருப்பத்தோடுதான் ஒருவர் ஜனாதிபதியாக வேண்டும் என்பதற்காகவே அரசியலமைப்பில் இந்த ஏற்பாடு இருக்கிறது. கடைசியில், அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் 43 சதவீதத்தோடு ஒருவர் ஜனாதிபதியானார். அவர் வென்றது சட்டப்படி சரி, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அடுத்த நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி 159 ஆசனங்களை எடுத்தது, ஆணை இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல ஏலாது. நான் கேட்பது அவரைப் பற்றியல்ல. அந்த முப்பது இலட்சம் பேருக்கும் தங்கள் சீட்டில் இன்னும் இரண்டு இடம் இருந்தது தெரியுமா?

முறை இவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்தவருக்கு 1 போடுகிறீர்கள். அதே சீட்டில் வேறொருவருக்கு 2, இன்னொருவருக்கு 3 போடலாம். முதல் எண்ணிக்கையில் ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவருக்கு நீங்கள் 1 போட்டிருந்தால் உங்கள் 2 யாருக்கென்று பார்ப்பார்கள். அவர் இறுதி இருவரில் ஒருவர் என்றால் வாக்கு அவருக்குப் போகும், இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். 2 போட்டதால் உங்கள் 1இன் பெறுமதி ஒரு துளியும் குறையாது. முதல் எண்ணிக்கையில் அது முழு வாக்காகவே எண்ணப்பட்டு, அந்த வேட்பாளரின் பெயருக்கு நேரே பதிவாகிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு 2024இல் வடக்குக் கிழக்கில் நடந்த சண்டையை நினைத்துப் பாருங்கள். பொது வேட்பாளராக முன்னாள் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரனைச் சங்குச் சின்னத்தில் நிறுத்தினார்கள். தமிழரசுக் கட்சி செப்டெம்பர் முதலாம் திகதி வவுனியாவில் கூடி சஜித்துக்கு ஆதரவு என்றது, அதே கட்சியின் சிறீதரன் சங்குக்காக நின்றார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிக்கச் சொன்னது. வீடுகளுக்குள்ளேயே இதனால் சண்டை. ஒரு தரப்பு சொன்னது, சங்குக்குப் போடுகிற வாக்கு வீண், அது தென்னிலங்கையில் கூடாதவர் வரத்தான் உதவும். மற்றத் தரப்பு சொன்னது, சஜித்துக்குப் போடுவது இனத்தை விற்பது. ஒரே சீட்டில் இரண்டையும் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. அதை உரத்துச் சொன்ன ஒரு மேடையை நான் காணவில்லை. பத்திரிகையின் உள்பக்கத்தில் ஓரிரு கட்டுரைகள் வந்தன. ஆணைக்குழுவின் விளக்கமும் வந்தது. சந்தியில், கோயில் வீதியில், சனம் கூடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை.

வாக்களிப்புக்கு முதல் கிழமை எங்கள் ஊர்ச் சங்கக் கடையடியில் ஒரு அம்மா என்னை மறித்துக் கேட்டார். எழுபது வயதுக்கு மேலிருக்கும், கையில் பாண் பை.

"தம்பி, சங்குக்குப் போட்டா மற்றவைக்குப் போடேலாதோ?"

"ஏலும் அம்மா. 1ஐச் சங்குக்குப் போட்டிட்டு 2ஐ விரும்பின ஆளுக்குப் போடுங்கோ."

"அப்ப ஏன் அவையள் ரெண்டு பேரும் இப்பிடிச் சண்டை பிடிக்கினம்?"

நான் அவருக்குச் சரியான பதில் ஒன்றும் சொல்லவில்லை. சங்கக் கடைக்காரர்தான் குறுக்கே, "அதெல்லாம் போட்டா சீட்டு பழுதாப் போகுமாம், ஒண்டை மட்டும் போடுங்கோ" என்றார். அந்தக் கடைக்குப் பாண் வாங்க வந்த எல்லாரிடமும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். அவரில் பிழை இல்லை, அவருக்கு யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கட சனத்துக்கு விருப்பு வாக்கு விளங்காது என்று சொல்பவர்களிடம் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நாடாளுமன்றத் தேர்தலில் இதே சனம் என்ன செய்கிறது? கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் பிறகு கீழே இருக்கிற இலக்கங்களில் மூன்று வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கு. படிக்காத கிழவிகூடப் பிழையில்லாமல் போட்டுவிட்டு வருகிறார். எப்படி? ஒவ்வொரு வேட்பாளரும் தன் இலக்கத்தை மதிலில் எழுதுகிறார், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார், மாதிரி வாக்குச்சீட்டு அடித்து வீடு வீடாகக் கொண்டுவந்து, எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போட வேண்டுமென்று விரல் வைத்துக் காட்டுகிறார். தன் ஆசனம் தங்கியிருக்கும்போது ஒரு மாதத்தில் ஊரையே படிப்பிக்க முடிகிற கட்சிகளுக்கு, ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று இலக்கம் சொல்லித் தர ஏலாமல் போனது எப்படி?

காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். இரண்டு தரப்புக்கும் இது வசதிப்படவில்லை. சங்கின் ஆட்களுக்கு, 2ஐச் சிங்கள வேட்பாளர் ஒருவருக்குப் போடச் சொன்னால் தங்கள் செய்தி கலங்கிவிடும் என்ற பயம். சஜித்தை ஆதரித்தவர்களுக்கு, சங்குக்கு 1 போடுவது பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டால் தங்கள் வாதமே ஆடிப்போகும். ஆகவே சனத்தின் கையிலிருந்த மூன்று வாக்கை ஒன்றாக்கி, அந்த ஒன்றுக்காக ஆளையாள் துரோகி என்று திட்டினார்கள்.

முடிவைப் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688. அடுத்து ரணில் 84,558, அநுர 27,086. மேலே இருந்த இரண்டு பேருக்கும் இடையில் ஐயாயிரம் வாக்குக்கூட இல்லை. நாடு முழுவதும் சங்குக்கு 226,343. தென்னிலங்கை ஊடகங்கள் இதை, தமிழர் மாற்றத்தை நிராகரித்தார்கள் என்று வாசித்தன. எட்டுக் கிழமைக்குள் நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அதே யாழ் மாவட்டத்தில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கு எடுத்து ஆறில் மூன்று ஆசனத்தைப் பிடித்தது. தமிழரசுக்கு 63,327, ஒரு ஆசனம். உடனே அதே ஊடகங்கள் தமிழர் தமிழ்த் தேசியத்தைக் கைகழுவிவிட்டார்கள் என்று எழுதின. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசு திரும்ப எழும்பியதும் அந்த வாசிப்பும் பொய்த்தது.

சங்குக்குப் போட்ட அந்த இரண்டேகால் இலட்சம் பேரும் சஜித்தைப் பற்றி என்ன நினைத்தார்கள், அநுரவைப் பற்றி என்ன நினைத்தார்கள்? இன்றைக்கும் ஆளாளுக்கு ஊகிக்கிறோம். ஊகிக்கவே தேவையில்லாமல் செய்திருக்கலாம். அவர்கள் 2 போட்டிருந்தால், அது மாவட்டம் மாவட்டமாக எண்ணப்பட்டு அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே இருந்திருக்கும். தமிழர் தங்களுக்கென்று ஒருவரை முதலில் நிறுத்தினார்கள், அதன் பிறகு நாட்டின் ஆட்சி பற்றியும் இப்படி ஒரு கருத்துச் சொன்னார்கள் என்று எவரும் மறுக்க முடியாத ஆவணம்.

அதைவிடப் பெரிய விஷயம் பேரம். இரண்டு இலட்சம் பேரின் 2ஆம் இலக்கம் இன்னும் யாருக்கும் எழுதப்படவில்லை என்று தெரிந்தால், சஜித்தும் அநுரவும் ரணிலும் யாழ்ப்பாணத்துக்கு வருகிற விதமே வேறாக இருந்திருக்கும். 2024இல் அவர்கள் வந்தபோது எங்களிடம் கேட்டது 1ஐ. அதைத் தர முடியாதவன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2ஐக் கேட்டு வந்திருந்தால், காணி விடுவிப்புக்கு என்ன திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு என்ன பதில், மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று எழுத்தில் கேட்டிருக்கலாம். கொள்கையை விட்டுக்கொடுக்காமலே பேரம் பேச இருந்த ஒரே வழி அது.

நடைமுறையில் இது சாத்தியமில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு தேர்தலை நினைவுபடுத்துகிறேன். 1990 நவம்பரில் அயர்லாந்தின் ஜனாதிபதித் தேர்தல். மூன்று பேர் போட்டி. முதல் எண்ணிக்கையில் பிரையன் லெனிஹன் 44 சதவீதத்தோடு முன்னுக்கு நின்றார். மேரி ரொபின்சன் 39 சதவீதத்தோடு இரண்டாவது. மூன்றாவதாக வந்த ஒஸ்ரின் கறிக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து 2ஆம் விருப்பைப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சீட்டில் 2 இருந்தது. அதில் பெரும்பகுதி ரொபின்சனுக்கு. அந்த நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி அப்படித்தான் வந்தார். அங்கே தொண்ணூறு, இங்கே எட்டு. ஐரிஷ்காரர் எங்களைவிடப் புத்திசாலிகள் என்பதல்ல. அவர்கள் எல்லாத் தேர்தலிலும் அப்படியே போட்டுப் பழகியவர்கள், அங்கே கட்சிகளும் வெட்கப்படாமல் 2ஐக் கேட்கும்.

2005ஐயும் விட முடியாது. மகிந்த ராஜபக்ஷ அந்தத் தேர்தலில் 50.29 சதவீதத்தால் வென்றார். பாதிக் கோட்டுக்கு மேலே அவரிடம் இருந்தது வெறும் 28 ஆயிரத்துச் சொச்ச வாக்கு. யாழ் மாவட்டத்தில் அன்று வாக்களித்தோர் 1.21 சதவீதம். அன்றைக்கு ஒரு தமிழ் வேட்பாளர் நின்று, சனம் சுதந்திரமாகப் போய் வாக்களிக்க முடிந்திருந்தால், மகிந்தவை எதிர்த்து நின்ற ரணிலுக்கு ஒரு வாக்கும் போடாமலே அந்தத் தேர்தலை இரண்டாவது எண்ணிக்கைக்கு இழுத்திருக்கலாம். அதன் பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை, நாங்கள் எல்லாரும் அதற்குள்ளால் வந்தவர்கள். முதல் தேர்தலான 1982இலேயே குமார் பொன்னம்பலம் நின்று 173,934 வாக்கு எடுத்தார். ஆக, பொது வேட்பாளர் யோசனையும் புதிதல்ல, விருப்பு வாக்கும் புதிதல்ல. இரண்டையும் சேர்த்து ஒரு திட்டமாக யோசிக்க எங்களுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது.

ஒரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன். இந்த அரசின் தலைவராக வரப்போகிற எவருக்கும் என் கையால் எந்த இலக்கமும் போடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய நிலைப்பாடு. பிள்ளையைத் தொலைத்துவிட்டு வீதியோரக் கொட்டகையில் வருஷக்கணக்காக இருக்கிற ஒரு தாய் அப்படிச் சொன்னால் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் 2ஐ வெறுமையாக விடட்டும். ஆனால் தெரிந்து விடுவது வேறு, பழுதாகிப் போகும் என்று பயந்து விடுவது வேறு. சங்கக் கடையடியில் என்னை மறித்த அம்மாவுக்குத் தெரிந்து விடுகிற உரிமை கிடைக்கவில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்பது இப்போதைய அரசின் வாக்குறுதி. ஒழித்தால் நல்லது. இதே வாக்குறுதியை 1994இலிருந்து கேட்டு வருகிறோம் என்பதால், 2029இலும் ஒரு ஜனாதிபதித் தேர்தல் வரும் என்றே எண்ணிக் காரியம் பார்க்க வேண்டும். அதற்கு முதல் வேட்பாளர் யார், சின்னம் என்ன என்று தொடங்கி மறுபடியும் அடிபடாமல், சனசமூக நிலையங்களிலும் மாதர் சங்கங்களிலும் மாதிரிச் சீட்டை வைத்து 1, 2, 3 போட்டுக் காட்டுகிற வேலையை இப்போதே தொடங்கலாம். இதற்குக் கட்சி தேவையில்லை, பெரிய காசும் தேவையில்லை. ஒரு போட்டோகொப்பி இயந்திரமும் ஓய்வுபெற்ற நாலு ஆசிரியர்களும் போதும். எங்கள் ஊரில் இதைச் செய்ய நான் ஆயத்தம். வேறு ஊர்களில் செய்யக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள், சீட்டின் மாதிரியை நான் அனுப்புகிறேன்.