கனத்த கிட்டாருக்கு எந்த மைக்?

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் அடக்கமாகக் கிட்டார் வாசிப்பவர், மற்ற நாட்களில் தாழ்த்திச் சுருதி கூட்டிய தந்திகளில் மெட்டல் என்ற கனத்த ராக் இசை வாசிப்பவர். “அண்ணே, முப்பதாயிரம் சேத்து வச்சிருக்கேன். ஆம்ப்ப ரெக்கார்ட் பண்ண ஒரு நல்ல கண்டென்சர் மைக் சொல்லுங்க” என்றார். கண்டென்சர் (மின்சாரம் கொடுத்தால் இயங்கும், மெல்லிய ஒலியையும் பிடிக்கும் நுட்பமான மைக் வகை) வேண்டாம், முப்பதாயிரமும் வேண்டாம் என்று நான் சொன்னது அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் சில ஆண்டுகளாகப் பதிவு செய்துவரும் அனுபவத்தில், அந்தப் பதிலுக்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: நம் கடற்கரையில், சாதாரண வீட்டு அறையில், டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே ஒலியைக் கரகரப்பாக்குவது) ஏற்றிய ஆம்ப்பை, அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியைப் பதிவு செய்ய ஒரு டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உறுதியான வகை) போதும். அது ஷூர் எஸ்எம்57 ஆக இருந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. இரண்டாவது மைக்குக்கு ஒதுக்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு மைக்கை ஸ்பீக்கரின் முன்னால் அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்டுப் பழகுவது மேல்.

கண்டென்சர் மைக்கின் அட்டைப்பெட்டியில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். ஆனால் கிட்டார் கேபினெட்டில், அதாவது ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் அந்த எல்லை முழுவதையும் ஒலிப்பதே இல்லை. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும். கீழே, சாதாரணச் சுருதியில் ஆறாவது தந்தியின் அடிச்சுரம் 82 ஹெர்ட்ஸ். ஏழு தந்திக் கிட்டாரில் அது சுமார் 62 வரை இறங்கும், அந்த ஆழத்தையும் கலவையில் பேஸ் கிட்டாருக்கு விட்டுக்கொடுக்க 80, 100 ஹெர்ட்ஸ் அளவில் நாமே வெட்டிவிடுகிறோம். 1965இல் வந்த எஸ்எம்57 பிடிக்கும் எல்லை 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. அது இந்த வேலைக்குத் தாராளம். 5,000, 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்கு இயல்பாகவே ஒரு மேடு உண்டு. கிட்டாரின் கடி, அதாவது காதில் பதியும் கூர்மை, அங்கேதான் இருக்கிறது என்பதால், மேளச் சத்தத்துக்கும் பேஸுக்கும் நடுவே கிட்டார் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. அமெரிக்க அதிபர்கள் பேசும் மேடையில் பல பத்தாண்டுகளாக நிற்பதும் இதே மைக்தான் என்பதை அந்தத் தம்பியிடம் சொன்னபோதுதான் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அடுத்தது நம் ஊர்க் காற்று. ஆடியில் கச்சான் காற்று அடித்தால் ஜன்னலை மூடினாலும் மேசையில் பொடிமணல் படியும். வாடைக்காலத்தில் சுவரே வியர்க்கும். புதுத் தந்தி மாட்டி இரண்டு வாரத்தில் விரலில் துரு ஒட்டும் ஊர் இது. கண்டென்சர் மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டைச் சுற்றிய மின்சுற்று மிக நுட்பமானது. அதில் ஈரம் இறங்கினால் மின்சாரம் கசிய வழி கிடைத்து, ஹெட்போனில் கடுகு தாளிக்கும் ஓசை கேட்கத் தொடங்கும். என்னிடம் இருந்த ஒரு கண்டென்சர் இரண்டு ஐப்பசி மாதங்களைத்தான் தாங்கியது. இப்போது அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வைத்து, பாட்டுப் பாட யாராவது வந்தால் மட்டும் எடுக்கிறேன். எஸ்எம்57 ஸ்டாண்டிலேயே கிடக்கிறது.

ரிப்பன் மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். ராயர் ஆர்-121 போன்ற மைக்கில் 2.5 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியப் பட்டை ஒன்று காந்தத்தின் நடுவே தொங்குகிறது. டிஸ்டார்ஷனில் வரும் காதைக் கிழிக்கும் இரைச்சலை அது பட்டுத் துணியால் துடைத்ததுபோல் மென்மையாக்கிக் கொடுக்கும். ஆனால் பலத்த காற்று அடித்தாலே அந்தப் பட்டை நீண்டு தொய்ந்துவிடும். மேலும், மிக்சரில் 48 வோல்ட் பேன்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டிருக்கும்போது கேபிளில் ஒரு வயர் விட்டிருந்தாலோ தப்பாக இணைந்திருந்தாலோ ரிப்பனின் கதை முடிந்தது. மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறும் ஊரில் எந்தக் கேபிளை நம்பி அதை மாட்டுவது? பணம் இருந்தும் வாங்காமல் விட்டிருக்கிறேன் என்று எழுத ஆசைதான். பணமும் இல்லை என்பதே உண்மை.

எங்கள் வீட்டு மாடியில் இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கத்தில் ரயில் பாதை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில்கள் மறுபடியும் ராமேஸ்வரம் போகின்றன, எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அறையின் நடுவே வைத்த கண்டென்சரில் ரயிலும் ஏறுகிறது, கருவாட்டுக் களத்துக் காக்கைகளும் ஏறுகின்றன. ஸ்பீக்கர் துணியிலிருந்து ஓர் அங்குலத்தில் ஒட்டி வைத்த டைனமிக் மைக்கில் ஆம்ப்பின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுவதால், வண்டி போகும் நேரத்திலும் நிறுத்தாமல் வாசிக்க முடிகிறது. வெற்றுச் சுவர்களின் எதிரொலிக்கும் இதே மருந்துதான்.

இனி நகர்த்தும் விஷயம், நான் அதிகம் வாதாட விரும்புவது இதைப் பற்றித்தான். முதலில் கைப்பேசியின் டார்ச்சை ஸ்பீக்கர் துணியின் மேல் சாய்த்து அடித்து, உள்ளே நடுக்குமிழ் எங்கே இருக்கிறது, காகிதக் கூம்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்து, அந்த இடத்தில் துணியின் மேல் சிறு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். குமிழின் நேர் நடுவே மைக்கை வைத்தால் ஒலி கண்ணாடித் துண்டாகக் குத்தும். ஓரத்துக்குப் போகப் போக இருண்டு, கடைசியில் போர்வைக்குள் வாசித்ததுபோல் மங்கிவிடும். கனத்த கிட்டாருக்கு நான் எப்போதும் தொடங்கும் இடம் குமிழும் கூம்பும் சேரும் விளிம்பு. அங்கிருந்து அரை அங்குலம் இந்தப் பக்கம், அரை அங்குலம் அந்தப் பக்கம் நகர்த்துவதில் வரும் மாற்றம், நல்ல டைனமிக் மைக் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டுவதால் வரும் மாற்றத்தைவிடப் பெரியது. நம்பாதவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தந்தியைத் தொடாமல் ஆம்ப்பின் கெயினை மட்டும் ஏற்றி, அது கக்கும் ‘உஸ்’ என்ற இரைச்சலைக் கேட்டபடியே மைக்கை மெல்ல நகர்த்திப் பாருங்கள். குமிழைக் கடக்கும்போது அந்த இரைச்சல் கூர்மையாகி, விலகும்போது மட்டுப்படுவது குழந்தைக்கும் கேட்கும். தூரமும் அப்படியே. ஒட்டி வைத்தால் கீழ்ச்சுரம் ஊதிப் பெருக்கும், உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும்போது ‘தும்’ என்று மார்பில் இடிக்கும். அது அளவு மீறிக் குழம்பினால், ஈக்யூவை (கீழ்ச்சுரம், மேல்சுரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) தொடாமல் மைக்கை இரண்டு அங்குலம் பின்னால் இழுத்தாலே பாதி தீர்ந்துவிடும்.

இரண்டு மைக் வைத்தால் ஒலி கனமாகும் என்ற வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. கனமாகலாம், இளைத்தும் போகலாம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது என்றால் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மைக் இன்னொன்றைவிட மூன்றரை சென்டிமீட்டர் பின்தங்கி நின்றால், நமக்கு வேண்டிய அந்தக் கடியையே இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஸ்டுடியோ ஃபிரெட்மேனின் பெயரால் வழங்கும் முறையில் இரண்டு எஸ்எம்57களின் தலைகளை ஒட்டவைத்து, ஒன்றை நேராகவும் மற்றொன்றை ஏறத்தாழ 45 பாகை சாய்த்தும் நிறுத்துவதற்கு இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதும் ஒரு காரணம். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஒரு மைக்கையே சரியாக வைக்கத் தெரியாத நிலையில் இரண்டாவதை வாங்குவது, ஒரு வலையின் சிக்கலை அவிழ்க்காமல் இன்னொரு வலையை அதன் மேல் போடுவதுதான்.

வேறு டைனமிக் மைக்குகள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. சென்ஹைசர் எம்டி421 கிட்டாருக்கு இன்னும் தடித்த உடம்பு தருகிறது, விலைதான் எட்டாது. அதே நிறுவனத்தின் இ906 தட்டையானது, பக்கவாட்டில் ஒலி வாங்குவது, ஸ்டாண்ட் இல்லாமல் ஆம்ப்பின் முன்னால் கேபிளிலேயே தொங்கவிடலாம். மேடையில் ஸ்டாண்ட் காற்றில் சாயும் திருவிழாக் காலத்துக்கு ஏற்றது. எதுவும் வாங்க முடியாதவர்கள், மைக் செட்காரரிடம் எஸ்எம்58 ஒன்றை வாடகைக்கு வாங்கி அதன் உருண்டை வலைத் தலையைத் திருகிக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். உள்ளே இருப்பது எஸ்எம்57இன் நெருங்கிய உறவுதான், ஏறக்குறைய அதே ஒலி வரும். தலை இல்லாத மைக்கைத் தரையில் போட்டுவிடாதீர்கள், மைக் செட்காரர் சும்மா விடமாட்டார்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் நானே ஏமாந்தவன். இணையத்தில் பாதி விலைக்கு ஒருவர் விற்றதை வாங்கினேன். பெட்டி, உறை, ஒட்டுப்படம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஒலி மட்டும் தகர டப்பா. உண்மையான எஸ்எம்57 இன் எடை 284 கிராம். அண்டை வீட்டுக் கருவாட்டு வியாபாரியின் மின்னணுத் தராசில் வைத்துப் பார்த்தால் எண் 230ஐக்கூடத் தொடவில்லை. “என்ன தம்பி, சாவாளை மீன விட லேசா இருக்கு” என்று அவர் சிரித்தார். திறந்து பார்த்தபோது, கைப்பிடிக்குள் பசை ஊற்றி உறையவைத்திருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. பில் தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள், தராசையும் மறக்காதீர்கள்.

மைக்கே எதற்கு, கணினியில் ஆம்ப் சிமுலேட்டர் போட்டு ஐஆர் ஏற்றினால் போதாதா என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகும் நண்பர்களுக்கு முன்கூட்டியே: போதும், நானும் இரவு நேரத்தில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அந்த ஐஆர் என்பது யாரோ ஒருவர் ஒரு கேபினெட்டின் முன்னால் ஒரு மைக்கை ஓரிடத்தில் வைத்து அளந்தெடுத்த பதிவு. அதன் பெயர்ப்பட்டியலில் பெரும்பாலும் 57 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பதிவைத் தேர்ந்தெடுப்பது என்று காது சொல்ல வேண்டுமானால், அந்தக் காது ஒரு முறையாவது உண்மையான ஸ்பீக்கரின் முன்னால் மைக்கை நகர்த்திக் கேட்டிருக்க வேண்டும்.

தம்பி ஞாயிறு மதியம் பூசை முடிந்து, ஆம்ப்பை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டேப் ஒட்டி, டார்ச் அடித்து, மூன்று மணி நேரம் நகர்த்தினோம். விளிம்பிலிருந்து கால் அங்குலம் வெளியே, துணியிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் அவருடைய ஒலி கிடைத்தது. முப்பதாயிரம் இன்னும் அவரிடமே இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்கு எஸ்எம்57 வாங்கிவிட்டு, மிச்சத்தில் கேபினெட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்று மாற்றலாமா என்று இப்போது கேட்கிறார். மாற்றலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.