அப்பா எழுதாத நான்கு கட்டுரைகள்

என் அப்பா நான்கு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அது அவருக்கே தெரியாது. பெங்களூரு பின்னி மில்லில் தறி ஓட்டியவர். இப்போது ஸ்ரீராமபுரம் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிக்கிறார்.

விசாவுக்குத் தொல்லை வேண்டாமென்று பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். ஆய்விதழுக்கும் அதே பெயர் போனது. ஆய்வுக் கட்டுரையில் யாருடைய நூலிலிருந்து எடுத்தோம் என்று காட்டும் மேற்கோள் முறைகளில் ஒன்று ஏபிஏ. அதில் குடும்பப் பெயர் முன்னால் வரும், மற்றது முதலெழுத்தாகச் சுருங்கும். விமலா என்கிற நான் 'சண்முகம், வி.' ஆனேன். ஒருவர் தன் கட்டுரையில் 'சண்முகம் வாதிடுவதுபோல' என்று எழுதியிருந்ததை அப்பாவிடம் காட்டினேன். "நான் எப்பம்மா வாதாடினேன்?" என்றார்.

மேற்கோள் முறை என்றாலே புள்ளி, கமா சண்டைதான் என்று நினைக்கிறோம். எனக்குப் படிக்கிறவர் படும் பாடுதான் பெரிதாகத் தெரிகிறது. மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர்வதற்குள் போனில் ஒரு கட்டுரை படிப்பது என் வழக்கம். மருத்துவம், பொறியியல் கட்டுரை என்றால் வான்கூவர், ஐஇஇஇ என்ற மேற்கோள் பாணிகளில் வரிக்குள் வெறும் எண்கள், அவற்றுக்கான நூல் விவரமெல்லாம் கட்டுரையின் அடியில். கடுகளவு 37-ஐக் குறிபார்த்துத் தொட்டால் பக்கத்து 38 திறக்கும். அடிக்குப் போய் விழுந்தால் விட்ட இடத்துக்குத் திரும்ப வழி இருக்காது. விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதற்குள் இந்திரா நகர் வந்துவிடும். அச்சில் எண் இடத்தை மிச்சப்படுத்தியது, சரி. திரையில் யாருக்கு இடப்பஞ்சம்? வரியிலேயே பெயரும் ஆண்டும் இருந்தால், 1994 ஆய்வா, போன வருடத்து ஆய்வா என்று தொடாமலே தெரிந்துவிடும்.

அடிக்குறிப்பைத் தொட்டால் அங்கேயே குட்டிப் பெட்டி திறக்கும் தளங்களும் உண்டு. எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் 'முந்தின குறிப்பில் சொன்ன அதே நூல்' என்பதற்கு நம் தமிழ் ஆய்வேடுகள் போடும் செல்லப்பிள்ளை 'மேலது' இருக்கிறதே! ஆசையாகப் பெட்டியைத் திறந்தால் உள்ளே 'மேலது, ப. 45'. எதற்கு மேலே? பெட்டிக்கு மேல் பெட்டியே கிடையாதே. மேற்கோள் விதிகள் சொல்லும் சிகாகோ கையேடே 2017 பதிப்பில் இந்த வழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாம்தான் விடமாட்டோம்.

ஏபிஏவைத் திட்டினேன், ஒரு புண்ணியத்தையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு, ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை முழு இணைப்பாகவே எழுதச் சொன்னது. பதிப்பாளர் இணையதளத்தை மாற்றினாலும், புது முகவரியைப் பதிவு செய்துவிட்டால் பழைய இணைப்பே நம்மை அங்கே கொண்டுபோய் விடும். வெறும் இணைய முகவரிக்கு அந்த ஆயுள் கிடையாது.

சாகாத முகவரி நமக்கொன்றும் புதிதில்லை. குறள் 391 என்றால் எந்தப் பதிப்பில், எந்தப் பக்கத்தில் என்று யார் கேட்கிறார்கள்? புறம் 192-உம் அப்படித்தான். பக்க எண்ணே இல்லாத இணையக் கட்டுரைக்கும் பத்திக்குப் பத்தி எண் கொடுத்தால் போதுமே. ஆனால் அந்தக் காலத்து உரையாசிரியர்கள் எல்லாரையும் இதில் சேர்க்க முடியாது. 'என்றார் பிறரும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பிறர் யார் என்று தேடியே உ.வே.சா.வுக்குப் பாதி ஆயுள் போயிருக்கும்.

பெயருக்கு வருகிறேன். மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஜோடெரோ என்ற மென்பொருளில் பெயரை முன்பெயர், பின்பெயர் என்று பிரிக்காமல் ஒரே கட்டமாக இடும் வசதி இருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து என் நான்கு கட்டுரைகளையும் 'விமலா சண்முகம்' என்று மாற்றினேன். விதிப்படி தப்புதான், இருக்கட்டும். அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னை எடுத்துட்டியா?"

"இல்லப்பா, பின்சீட்ல உட்கார வச்சிருக்கேன்."