பாம் பீச் வாக்குச்சீட்டு ஞாபகம் இருக்கிறதா?
அமெரிக்காவின் பல மாநிலங்களில் தேர்தல் நடத்தும் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) அதிகாரியும் ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர்தான், ஆனால் அது வெறும் குமாஸ்தா வேலை என்று கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அப்படியா? 2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவின் பாம் பீச் கவுன்டியில் அப்படி ஜெயித்து வந்த தேர்தல் அதிகாரி தெரசா லெபோர், முதியவர்களுக்கு எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஓட்டுப் போடக் குத்தும் துளைகளை நடுவில் ஒரே வரிசையாக வைத்துச் சீட்டை அச்சடித்தார். நல்ல எண்ணம்தான். இடப்பக்கம் இரண்டாவது பெயர் அல் கோர், ஆனால் அவருக்கான துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த சிறு கட்சி வேட்பாளர் புக்கானனுக்கு! அந்த ஒரு கவுன்டியில் புக்கானனுக்கு விழுந்தது 3,407 ஓட்டு, மாநிலத்தில் கோரை எதிர்த்த புஷ் ஜெயித்ததோ 537 ஓட்டு வித்தியாசத்தில். இத்தனைக்கும் லெபோர் அம்மா அப்போது கோரின் கட்சிதான். 2004-இல் மக்களே அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள், நியமன அதிகாரியாக இருந்தால் ஓர் இடமாற்றத்தோடு முடிந்திருக்கும்.