ஒரு ஷேருக்கு ஒரு ரூபாயா?

‘இந்தக் குழந்தைக்கு ஆபரேஷன். ஒரு ஷேருக்கு வாட்ஸ்அப் ஒரு ரூபாய் தரும்’ என்று ஒரு படம் மறுபடியும் சுற்றுகிறது. சுத்தப் பொய்.

2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளை அனுப்பியவரும் பெற்றவரும் மட்டுமே படிக்க முடியும். உள்ளே என்ன படம் என்று நிறுவனத்துக்கே தெரியாது. அப்புறம் எதை எண்ணிக் காசு கொடுப்பது? அதுவும் போக, பல கை மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி தெரியும். 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடியும். காசு கொடுக்கிறவன் ஷேரைத் தடுப்பானா?

‘பொய்யா இருந்தா நமக்கு என்ன போச்சு?’ என்கிறார் சித்தி. நமக்கு ஒன்றும் போகவில்லைதான். ஆனால் இப்படிச் சுற்றும் படங்களில் பல, பெற்றோருக்கே தெரியாமல் வேறு இடத்திலிருந்து எடுத்துப் பரப்பியவை.