கட்டத்துக்குக் கட்டம் 12

வேற இடத்துல டியூன் பண்ணின பைக் ஒண்ணு வந்திருக்கு. லேப்டாப்பைச் செருகி மேப்பைத் திறந்தா, அதாவது எந்த த்ராட்டிலுக்கு, எந்த ஆர்பிஎம்முக்கு எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டணும் குறைக்கணும்னு சொல்ற அட்டவணையைத் திறந்தா, மேலேருந்து கீழ வரைக்கும் 12. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் 12. த்ராட்டில் மூடின வரிசையில 12, முழுசா முறுக்கின வரிசையில 12. 1,000 ஆர்பிஎம்முக்கும் 12, 9,500-க்கும் 12. நூத்துக்கும் மேல கட்டம் இருக்கு, ஒண்ணுலகூட 11 இல்ல, 13 இல்ல. இதுக்குப் பேரு கஸ்டம் டியூனிங்! இதுக்குக் கூலி வாங்கியிருக்காங்க!

வண்டிக்காரர் புகார் சொல்லாம இல்ல. எஞ்சின் சூடானதும் ஐடிலிங்ல அணைஞ்சு போகுது, திரும்ப ஸ்டார்ட் பண்ண அழ வைக்குது, மைலேஜ் விழுந்துடுச்சு, மேல ஆர்பிஎம்ல முன்ன இருந்த இழுவை இல்லன்னு ஒவ்வொண்ணா சொல்லியிருக்கார். அதுக்குக் கிடைச்ச பதில்: "500 கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்." மேப்பு என்ன புதுச் செருப்பா, போடப் போட இளகுறதுக்கு? அது எண். இன்னைக்கு 12-ன்னா 500 கிலோமீட்டர் கழிச்சும் 12-தான்.

யோசனை எங்கேருந்து வந்ததுன்னு தெரியும். எக்ஸாஸ்ட் மாத்தியாச்சு, ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, காத்து கூட வரும், அப்போ பெட்ரோலைக் கூட்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து எல்லா இடத்துலயும் ஒரே அளவா கூடாது. வால்வு திறந்து மூடும்போது குழாய்க்குள்ள அழுத்த அலை போயிட்டுத் திரும்பி வருது. சில ஆர்பிஎம்ல அது சரியான நேரத்துக்கு வந்து சிலிண்டருக்குள்ள காத்தை இழுக்க உதவும். சில ஆர்பிஎம்ல தப்பான நேரத்துக்கு வந்து உள்ள வர்ற காத்தையே தடுக்கும். குழாயோட நீளமும் விட்டமும் மாறினா அந்த ஆர்பிஎம் எல்லாம் இடம் மாறும். ஒரு இடத்துல 12 சதவீதம் கூட வேணும், பக்கத்துலயே ஒண்ணும் வேண்டாம், இன்னொரு இடத்துல கம்பெனி மேப்பைவிடக் குறைக்கணும். அதுக்குத்தானே அத்தனை கட்டம் போட்டுக் கொடுத்திருக்கான்?

அந்த 12-ஐக் கட்டம் கட்டமா பார்ப்போம். இந்த மேப்பு இருக்கிறது, எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் பெட்ரோலைத் தெளிக்கிற இஞ்செக்டருக்கும் நடுவுல மாட்டுற பிக்கிபேக் பெட்டியில. ஈசியூ அனுப்புற பல்ஸை, அதாவது இஞ்செக்டரைத் திறந்து வைக்கிற நேரத்தை, அந்தப் பெட்டி நீட்டும், சுருக்கும், அவ்வளவுதான்.

ஐடிலிங். பல்ஸ் மொத்தம் 2.5 மில்லிசெகண்ட். அதுல சுமார் 1 மில்லிசெகண்ட் இஞ்செக்டர் ஊசி எழும்பவே போயிடும், பெட்ரோல் ஊத்துறது மீதி 1.5-ல. இப்போ மொத்தப் பல்ஸ்ல 12 சதவீதம் கூட்டினா 0.3 மில்லிசெகண்ட். அந்த 0.3 முழுக்கப் பெட்ரோல். 1.5-க்கு 0.3-ன்னா 20 சதவீதம்! 12 போட்டதா நினைச்சுக்கிட்டு 20 ஊத்தியிருக்காங்க. சூடான எஞ்சின் அணையாம என்ன பண்ணும்? பிளக்கைக் கழட்டினா அடுப்புக்கரி மாதிரி இருக்கு. டிப்ஸ்டிக்கை உருவினா ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. ஒரு சொட்டு விரல்ல தேய்ச்சு மோந்து பார்த்தா பெட்ரோல் நாத்தம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கிட்டு கிராங்க்கேஸுக்குள்ள இறங்கியிருக்கு. அந்த ஆயில்லதான் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சுத்திக்கிட்டிருந்தது. இதைத்தான் 500 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னாங்க.

சீரா போற வேகம், த்ராட்டில் கொஞ்சம் மட்டும். இங்க ஈசியூ எக்ஸாஸ்ட்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே பெட்ரோலைத் திருத்தும். அந்த நேரோபேண்ட் சென்சாருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: லாம்டா 1-க்கு, அதாவது காத்தும் பெட்ரோலும் மிச்சமில்லாம எரியுற சரிக் கலவைக்கு, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. சுமார் 0.45 வோல்ட்டுக்கு மேல போனா ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழ வந்தா லீன் (பெட்ரோல் குறைவு). பெட்டி 12 கூட்டினதும் ஈசியூ ரிச்னு பார்த்து 12-ஐக் கழிக்கும். ஆக இந்தக் கட்டங்கள்ல போட்ட 12 எல்லாம் வீண். வீணா போனாலாவது பரவாயில்ல, சில ஈசியூ அந்தக் கழிச்ச கணக்கை மனசுல வச்சுக்கிட்டு மத்த இடத்துலயும் கழிக்க ஆரம்பிக்கும். திருத்துற எல்லை தாண்டினா செக் லைட் எரியும். ஒண்ணு, அந்தப் பகுதியைத் தொடாம பூஜ்யமா விடணும். இல்லன்னா சென்சாரைப் பார்த்துத் தானே திருத்துற அந்த க்ளோஸ்டு லூப்பை முறையா நிறுத்திட்டு அந்தக் கட்டங்களையும் தனித்தனியா அளந்து போடணும். ரெண்டும் இல்லாம ரெண்டு கம்ப்யூட்டரை ஒரு இஞ்செக்டருக்காக அடிச்சுக்க விட்டிருக்காங்க.

த்ராட்டிலை மூடிட்டு கியர்ல இறங்கும்போது பெரும்பாலான ஈசியூ பெட்ரோலையே நிறுத்திடும். அங்க 12 போட்டு என்ன ஆகப்போகுது? பூஜ்யத்துல 12 சதவீதம் பூஜ்யம்தான். "சைலன்சர்ல படபடன்னு வெடிக்குது, அதனாலதான் அங்கயும் போட்டேன்"னு விளக்கம் வேற. வெடிக்கிறது எக்ஸாஸ்ட் ஜாயின்ட்ல காத்து உள்ள போறதால! இல்லன்னா எக்ஸாஸ்ட்டுக்குள்ள புதுக் காத்து விடுற ஏர் இஞ்செக்ஷன் வால்வால. எக்ஸாஸ்ட் குழாய் ஹெட்டோட சேர்ற இடத்துல இருக்கிற கேஸ்கெட்டைப் புதுசு போட்டு கிளாம்ப்பை இறுக்கினா முக்கால்வாசி சத்தம் அடங்கிடும்.

முழு த்ராட்டில், 7,000 ஆர்பிஎம். பெட்டியைக் கழட்டிட்டு, கலவையை எண்ணாவே காட்டுற வைடுபேண்ட் சென்சார்ல அளந்தா 13.2, அதாவது பெட்ரோல் ஒரு பங்குக்குக் காத்து எடையில 13.2 பங்கு. புது எக்ஸாஸ்ட்டோட, புது ஃபில்டரோட 13.2! பவர் நல்லா கிடைக்கிற இடமே 12.6-லேருந்து 13.2 வரைக்கும்தான். லாம்டாவுல சொன்னா 0.86-லேருந்து 0.90. அதாவது அங்க தொடவே வேண்டியதில்ல. அதுமேல 12 சதவீதம் ஊத்தினா 11.8. இழுவை போச்சுன்னு அந்த மனுஷன் சொன்னது பொய்யா?

9,500 ஆர்பிஎம்ல நாலு ஸ்ட்ரோக்கும் முடியுற ஒரு முழுச் சுத்துக்கு, அதாவது கிராங்க் ரெண்டு தடவை சுழல, இருக்கிற மொத்த நேரமே 12.6 மில்லிசெகண்ட். பழைய பல்ஸ் 10.8, ஏற்கெனவே 85 சதவீதம். கூட்டினா 12.1. இஞ்செக்டருக்கு மூடித் திறக்கவே நேரமில்ல. அதுக்கு மேல பெட்ரோல் வேணும்னா பெரிய இஞ்செக்டர்தான் போடணும், எண்ணைக் கூட்டிக்கிட்டே போறதுல பிரயோஜனம் இல்ல.

4,500 ஆர்பிஎம், 40 சதவீத த்ராட்டில். இங்க மட்டும் அளந்தா 14.6. வேண்டியது 13.0. 14.6-ஐ 13.0-ஆல வகுத்தா 1.123. ஆமா, 12 சதவீதம்! அத்தனை கட்டத்துல இந்த ஒரு இடத்துலதான் அந்த எண் பொருந்துது. குருட்டுப் பூனை விட்டத்துல பாய்ஞ்சதுன்னு விட்டுடலாம், ஆனா எனக்கு அப்படித் தோணல. இங்க ஒரே ஒரு தடவை அளந்திருக்காங்க, வந்த எண்ணை அட்டவணை முழுக்க ஒட்டியிருக்காங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். எஞ்சினுக்கு முடியாது. அளக்கத் தெரிஞ்சிருக்கு, வகுக்கத் தெரிஞ்சிருக்கு, மீதிக் கட்டத்தை அளக்க உடம்பு வணங்கல. அதுதான் வயித்தெரிச்சல். தெரியாதவன் பண்ணியிருந்தா மனசு ஆறியிருக்கும்.

அளக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது வேற இருக்கு, அதையும் தொடல. எஞ்சின் முழுக்க ஆறின பிறகு வால்வு கிளியரன்ஸ் பார்க்கணும். பிளக் புதுசு. இன்டேக் ரப்பர்ல வெடிப்பு இருக்கா. ஒண்ணுக்கு மேல சிலிண்டர்னா த்ராட்டில் பாடி சிங்க், அதாவது எல்லா சிலிண்டருக்கும் காத்து ஒரே அளவா போகுதான்னு பார்த்துச் சரி பண்றது. ஃப்யூயல் பிரஷரை கேஜ் மாட்டிப் பார்க்கணும், கையால ஹோஸை அமுக்கிப் பார்த்து இல்ல. 3 பார் இருக்க வேண்டிய வண்டியில பம்ப் வடிகட்டி அடைச்சு 2.5 பார்தான் வருதுன்னா பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறையும், ஏன்னா ஓட்டம் அழுத்தத்தோட வர்க்கமூலக் கணக்குல போகும். அந்த 9-ஐ மேப்புல கூட்டி வச்சா, நாளைக்கு யாராவது வடிகட்டியை மாத்தின அன்னைக்கு வண்டி மொத்தமும் ரிச்.

வைடுபேண்ட் சென்சார் மாட்டுறதுலயும் இதே அலட்சியம். பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாருக்கு எம்18, 1.5 பிட்ச் பங், அதாவது சென்சாரைத் திருகுற மரை வளையம், வெல்டு பண்ணணும். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி வரணும். குழாயோட மேல் பாதியில, கிடைமட்டத்துக்கு 10 டிகிரியாவது மேல இருக்கணும். இந்த வண்டியில குழாய்க்கு நேர் அடியில வெல்டு பண்ணியிருக்கு! காலையில ஸ்டார்ட் பண்ணும்போது குழாய்க்குள்ள சேர்ற தண்ணி எல்லாம் சூடான சென்சார் மேல இறங்கும். செராமிக் விரிசல் விட்டா அது காட்டுற எண்ணை எவன் நம்புறது?

இதைவிடப் பெரிய கண்ணி ஒண்ணு இருக்கு. வைடுபேண்ட் பெட்ரோலைப் பார்க்கிறது இல்ல, ஆக்சிஜனைப் பார்க்கிறது. கலவை ரொம்ப ரிச் ஆகி பொறி பத்தாம மிஸ்ஃபயர் ஆனா, எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளிய வரும். மீட்டர் லீன்னு காட்டும். சென்சாருக்கு முன்னாடி ஜாயின்ட் ஒழுகினாலும் அதேதான், வெளிக்காத்து உள்ள போய் லீன்னு காட்டும். லீன்னு பார்த்ததும் பெட்ரோலைக் கூட்டுறாங்க, இன்னும் மிஸ்ஃபயர் ஆகுது, இன்னும் லீன் காட்டுது, இன்னும் கூட்டுறாங்க. மூழ்கிக்கிட்டிருக்கிறவனுக்குத் தாகம்னு நினைச்சுத் தண்ணி ஊத்துற வேலை. மீட்டர் லீன் காட்டுது, பிளக் கரியா இருக்குன்னா மேப்பைத் தொடாதீங்க. முதல்ல ஒழுகலைத் தேடுங்க, பிளக்கையும் காயிலையும் பாருங்க.

சரியா செய்ய என்ன பெரிய வித்தை வேணும்? பொறுமைதான் வேணும். வண்டியை நின்ன இடத்துலயே ரோலர் மேல ஓட்டி அளக்குற மெஷின்தான் டைனோ. லோடு கொடுத்து ஆர்பிஎம்மைப் பிடிச்சு நிறுத்துற டைனோவுல ஏத்தணும், ரோலரைச் சுத்தவிட்டு ஒரே இழுப்புல முடிக்கிற டைனோ இதுக்குப் போதாது. முன்னாடி நல்ல ஃபேன். எஞ்சின் ஓடுற சூட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கணும், குளிர்ல ஈசியூ தானாவே பெட்ரோல் கூட்டிக்கிட்டிருக்கும். 5 சதவீத த்ராட்டில்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஆர்பிஎம்லயும் நாலஞ்சு செகண்ட் நிறுத்தி சராசரி எடுக்கணும். அளந்ததை இலக்கால வகுத்து அந்தக் கட்டத்துக்குப் போடணும். திரும்ப அளக்கணும். பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல எண் குதிச்சா ஏன்னு பார்க்கணும். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் திடீர்னு முறுக்கும்போது வேண்டிய ஆக்சிலரேஷன் பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல்னா லாம்டாவுலயே பாருங்க. லாம்டா 1-க்கு 14.7-ங்கிறது சுத்தப் பெட்ரோலோட எண், 10 சதவீதம் எத்தனால் கலந்தாலே அது 14.1-க்கு வந்துடும். லாம்டா 1 எந்தப் பெட்ரோலுக்கும் 1-தான். இக்னிஷன் டைமிங் மாத்த முடியுற ஈசியூன்னா ஒவ்வொரு டிகிரியா ஏத்தி, டார்க் (முறுக்கு விசை) ஏறுறது நின்னதும் ஒண்ணு ரெண்டு டிகிரி இறங்கிடணும். பிளக்கோட வெள்ளைப் பீங்கான்ல மிளகுப்பொடி தூவின மாதிரி புள்ளி தெரிஞ்சா நாக்கிங், அதாவது கலவை சீரா எரியாம கட்டுப்பாடில்லாம வெடிக்குது. அங்கேருந்து ஒரு டிகிரிகூட மேல போகக் கூடாது.

"அதே எக்ஸாஸ்ட்தான், உங்க மேப்பை அனுப்புங்க"ன்னு கேக்குறவங்ககிட்டயும் இதையேதான் சொல்றேன். எக்ஸாஸ்ட் அதேதான். உங்க பம்ப் பிரஷர் அதேவா? உங்க வால்வு கிளியரன்ஸ் அதேவா? வாங்கின மேப்பு தொடங்குற இடம், அளக்காம முடிக்கிற இடம் இல்ல.

பவர் சிப்புன்னு விக்கிற அந்த ரெசிஸ்டர் இருக்கே, அதுவும் இந்த வண்டியில இருந்தது. ஏர் டெம்பரேச்சர் சென்சார் வயர்ல தொடரா மாட்டியிருக்கு. குளிர்ல அந்த சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் கூடும், இந்த ரெசிஸ்டரும் சேர்ந்து அதைக் கூட்டிக் காட்டுறதால காத்து குளிர்ந்திருக்குன்னு ஈசியூ நம்பி பெட்ரோலைக் கூட்டும். அதுமேல இந்த 12! ஈசியூகிட்ட பொய் சொல்றதுக்குப் பேரு பவராம்.

பெட்டியைக் கழட்டி, ரெசிஸ்டரைக் கழட்டி, ஆயில் மாத்தி, கேஸ்கெட் போட்டு, முதல் கட்டத்துலேருந்து ஆரம்பிக்கலாம்னு டேங்கைத் தூக்கப் போனா, பின்பக்க அல்லன் போல்ட் ரெண்டும் தலை ஸ்லிப். அளவு சேராத கீயை விட்டுத் திருகு திருகுன்னு திருகி, ஆறு மூலையும் தேய்ஞ்சு வட்டமா நிக்குது. 5 எம்எம் கீ ஒண்ணு சரியான அளவுல எடுத்துச் செருக எத்தனை செகண்ட் ஆகும்? இனி டிரில் போட்டுத்தான் எடுக்கணும்.