கம்பிக்குக் கீழே ஓடும் டீசல்

இத்தனை கிலோமீட்டர் ரயில் பாதை மின்மயமாகிவிட்டது என்று அறிவிப்பு வந்தால் நான் பாதிதான் சந்தோஷப்படுவேன். கம்பி கட்டியது உண்மைதான். அதற்குக் கீழே தினமும் எத்தனை டீசல் வண்டி ஓடுகிறது? அந்தக் கணக்கை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஒரு வழித்தடத்தில் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் கம்பி இல்லை என்று வையுங்கள். நடுவில் எஞ்சின் மாற்ற நேரமும் ஆளும் வேண்டும். எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் டீசல் வண்டியில் மாற்றுகிற பேச்சே இல்லை. ஆகவே முழுத் தூரமும் டீசல். தலைக்கு மேலே 25,000 வோல்ட் சும்மா கிடக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான டீசல் எஞ்சின்களிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். டீசல் ஜெனரேட்டரை ஓட்டுகிறது, அவ்வளவே. பவர் ஹவுஸையே சுமந்துகொண்டு ஓடுகிற வண்டி! பிரேக் போட்டால் புதிய மின்சார வண்டி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தரும். டீசலில் அந்தச் சக்தி சூடாகிக் காற்றில் போய்விடும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று கிளம்பும் பாசஞ்சருக்குத்தான் இந்த நஷ்டம் அதிகம். தரைக்கு அடியில் எஞ்சின் உள்ள பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: நிற்கும்போது ஜன்னல் கண்ணாடி கடகடக்கும், கிளம்பும்போது முதலில் சத்தம் வரும், வேகம் ஆற அமரத்தான் வரும்.

பிரிட்டனில் 2017 ஜூலையில், செலவைக் காட்டி தெற்கு வேல்ஸின் கார்டிஃப்–ஸ்வான்சீ மின்மயத் திட்டத்தைக் கைவிட்டார்கள். லண்டனிலிருந்து மின்சாரத்தில் வரும் வண்டி கார்டிஃபில் பாண்டோகிராஃபை (கூரைமேல் நின்று கம்பியைத் தொடும் கையை) இறக்கிவிட்டு டீசலில் போகிறது. அந்தக் கடைசித் துண்டுக்காக டீசல் எஞ்சின்களை லண்டனிலிருந்தே வெட்டியாகச் சுமக்க வேண்டும். இதற்குப் பெயர் சிக்கனமாம்.

கம்பிக்கு இடம் விட பழைய பாலங்களையும் சுரங்கங்களையும் உயர்த்தத்தான் பணம் கரைகிறது என்பார்கள். நியாயம்தான். ஆனால் அதே தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குப் பாதைகளில், இடம் போதாத பாலங்களுக்கு அடியில் மின்சாரம் விடாமல் அந்தத் துண்டை பேட்டரியில் கடக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஹைட்ரஜன் ரயிலை 2018இல் ஓடவிட்ட ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலமே, மீதி டீசல் வண்டிகளுக்குப் பதிலாக பேட்டரி ரயில் என்று பிறகு முடிவெடுத்தது.

அதற்காக நாளுக்கு இரண்டு வண்டி போகிற கிளைப் பாதையிலும் கம்பம் நடு என்று சொல்லவில்லை. அங்கே டீசல் ஓடட்டும். புயலில் கம்பி அறுந்து வண்டி நடுவழியில் நின்றால், இழுத்துவரப் போவதும் பெரும்பாலும் டீசல் எஞ்சின்தானே.