கூட்டுச் சேர இரத்த உறவு வேண்டுமா?
கூட்டாகத் திரியும் ஆண் சிங்கங்கள் எல்லாம் சகோதரங்கள்தான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது பாதிதான் சரி. ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் உள்ள செரங்கெட்டி காட்டில் சிங்க ஆய்வாளர் கிரெய்க் பாக்கர் குழுவினர் மரபணுவை ஒப்பிட்டு 1991இல் எழுதினார்கள், நாலும் அதற்கு மேலும் சேரும் பெரிய கூட்டுகள் உறவினர்தான், ஆனால் இரண்டு மூன்றாகச் சேர்பவற்றில் அந்நியமும் கலந்திருக்கும். பிறகு ஒலிபெருக்கியில் வேற்று ஆணின் கர்ச்சனையைப் போட்டுப் பார்த்தபோது, உறவோ இல்லையோ, சேர்ந்தே சத்தம் வந்த பக்கம் போயின. தனி ஆணால் பெண் கூட்டத்தை நெடுநாள் காக்க முடியாதே. முல்லைத்தீவில் எங்கள் குளக்கட்டிலும் இரண்டு கடுவன் நாய்கள், ஒன்று எங்கள் வளவில் பிறந்தது, மற்றது மீள்குடியேறிய காலத்தில் எங்கிருந்தோ வந்தது, வேற்று நாய் குரைத்தால் சோற்றையும் விட்டுவிட்டு இரண்டும் ஒன்றாகத்தான் ஓடும்.